ஃபில்டர் மாற்றிய வீட்டில் நான்கு பேர்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காளின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். தங்கள் அக்காளும் நலம். மற்ற இரண்டு பேரும் நலமா என்று தெரியவில்லை. குனிந்து கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தங்கள் நலத்தையும், பழைய வீடு இடிக்கும் வேலை தங்களை இன்னும் எத்தனை நாள் அந்த ஊரில் பிடித்து வைத்திருக்கும் என்பதையும் அறிய ஆவல்.

மற்ற இரண்டு பேரா என்று தாங்கள் நெற்றியைச் சுருக்குவது இங்கிருந்தே தெரிகிறது. விருந்தாளி யாரும் வரவில்லை. மாடியை வாடகைக்கு விடவும் இல்லை. அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முறையாக, ஆரம்பத்திலிருந்து, பதற்றப்படாமல் சொல்கிறேன். வாசகசாலையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் வரிசையாக அடுக்கியே பழக்கம். நடுவில் பதறிவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

பழைய கதவு ஜன்னல் ஏற்றும் தங்கள் பிக்கப் வண்டியை எங்கள் வீட்டுக் கேட்டுக்குள் நிறுத்திவிட்டுப் போனபோது என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "மேடு ஏறும்போது மட்டும் மூச்சு வாங்குது அத்தான். பெட்ரோல் ஃபில்டர் அடைச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. மெக்கானிக் எல்லாம் வேண்டாம். நீங்க படிச்ச மனுஷன், புத்தகத்தைப் பாத்தே மாத்திடுவீங்க" என்றீர்கள். அந்த 'படிச்ச மனுஷன்' என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். என்னை யாரும் அப்படிச் சொல்லி வெகுகாலம் ஆகிவிட்டது. தாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் நான் வண்டிக்குள் ஏறி, டாஷ்போர்டு பெட்டியிலிருந்து கையேட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு முன்னால் வீட்டு நிலவரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. உங்கள் அக்காளும் நானும் பேசிக்கொண்டு நெடுநாளாகிறது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் பேச்சாவது இருக்கும். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லித் தீர்ந்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. மதியம் அவள் சுவரைப் பார்த்து, "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்பாள். நான் "ம்" என்பேன். படுக்கப் போகும்போது, "கேட்டைப் பூட்டியாச்சா?" என்பாள். நான் "ம்" என்பேன். அவ்வளவுதான், நாள் முடிந்தது. 'சத்தம் போடாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். முதலில் இந்த அமைதி சுகமாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது என் தாடை அசையும் சத்தம் எனக்கே கேட்டது. அன்றைக்குப் பயந்துவிட்டேன். இப்படியே போனால், எங்களில் ஒருவர் போய்ச் சேர்ந்த பிறகும் மற்றவருக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை என்று தோன்றியது. ஏதாவது பேசலாம் என்று வாயைத் திறப்பேன். ஒன்றும் வராது. கொட்டாவி விட்டதாகப் பாவனை செய்து மூடிக்கொள்வேன். ஃபில்டர் அடைத்துக்கொண்ட மாதிரி என்று நீங்கள் உவமை சொல்லக் கிளம்ப வேண்டாம். அது எனக்கே தோன்றியது, எனக்கே பிடிக்கவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். கையேட்டில் போட்டிருந்தபடி ஒன்று விடாமல் செய்தேன். பம்புக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எஞ்சினை ஓடவிட்டேன், குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலைக் குடித்துவிட்டு, இரண்டு இருமல் இருமி அதுவே நின்றது. பேட்டரியின் ஒயர் ஒன்றைக் கழற்றி, தவறிப்போய்க்கூட ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று பழைய கைக்குட்டையால் சுற்றி வைத்தேன். அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி அழகாக இருந்தது. இந்த ஃபியூஸையும் இந்தக் கைக்குட்டையையும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளவும். பிறகு சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாக்கை விரித்து, ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தள்ளிக்கொண்டே வண்டிக்கு அடியில் போனேன். உங்கள் வண்டி உயரமானது, என் வயிறும் உயரமானது. இரண்டும் ஒரு சமரசத்துக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஃபில்டர் இருப்பது டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே, இரும்புச் சட்டத்தை ஒட்டி. அதை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தியதும் மிச்சமிருந்த பெட்ரோல் தட்டை மட்டும் விட்டுவிட்டு மணிக்கட்டு, முழங்கை, அக்குள் என்று எல்லா இடத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. அந்த வாசனை இன்றுவரை போகவில்லை.

பழையதைக் கழற்றிவிட்டேன். புதியதை மாட்டியதும் சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பிப் பார்க்க வேண்டும், அப்போது பம்பு ஓடி பெட்ரோலைத் தள்ளும், கசிகிறதா என்று கீழேயிருந்து ஒருவர் பார்க்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. இரண்டு ஆள் வேலை. படுத்தபடியே வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்: "கொஞ்சம் வந்து வண்டியில உக்காரேன்." பதில் இல்லை. பதில் இல்லாதது எங்கள் வீட்டு வழக்கம் என்பதால் நானும் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டிக் கதவு திறந்து மூடியது. என் தலைக்கு மேலே சீட்டின் ஸ்பிரிங் அழுந்தியது. வந்துவிட்டாள்.

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்க போச்சுன்னு தெரியல" என்று நான் எனக்குள் முணுமுணுத்தேன்.

"உங்க முழங்கைக்குக் கீழதாங்க இருக்கு" என்று மேலேயிருந்து சொன்னாள்.

இருந்தது. மேலே சீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு என் முழங்கை எப்படித் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் எந்தப் பொருள் எங்கே கிடக்கிறது என்பது அவளுக்குப் பார்க்காமலே தெரியும். என் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தருகிறவள் அவள்தானே. அதைவிட அந்த 'ங்க' என் காதில் விழுந்த விதம் அப்படி. மாப்பிள்ளை, அவள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தையில் 'ங்க' வைத்துப் பேசி எத்தனை காலம் ஆயிற்று! சுவரிடம் பேசுகிறவளுக்கு மரியாதை விகுதி எதற்கு?

நான் புது ஃபில்டரை மாட்டி முறுக்கிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து மறுபடி குரல்.

"ஏங்க, அந்த அம்புக்குறி எந்தப் பக்கம் பாக்குது?"

"டேங்கைப் பாக்குது."

"எஞ்சினைத்தானே பாக்கணும்?"

பார்த்தேன். தலைகீழாக மாட்டியிருக்கிறேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்றைக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பின் முடிவில் ஒரு விக்கல் வருமே, கல்யாணமான புதிதில் அவளுக்கு அப்படித்தான் வரும், அந்த விக்கல் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்ரோல் பட்டுவிட்டது என்று சொன்னேன். "பட்டா எரியும், அழ மாட்டாங்க" என்றாள்.

அதன் பிறகு வேலை எங்கே நடந்தது? பேச்சுதான் நடந்தது. எங்கள் முதல் வாடகை அறை அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மிஷின் ஓடினால் தரை நடுங்கும், கோப்பைத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை வரும். "அங்க கத்திக் கத்தித்தான் பேசுவோம். அப்போ எவ்வளவு பேசினோம்! இங்க வந்தப்புறம் கத்த வேண்டியதில்ல, அதனால பேச்சும் வேண்டியதில்லாமப் போச்சு" என்றாள். மாடிப்படி ஏறும்போது இடது முழங்கால் குத்துகிறது, சொன்னால் டாக்டர் என்று ஆரம்பிப்பீர்கள் என்று சொல்லவில்லை என்றாள். "சமையலறையில ரேடியோ போடுறேனே, அது பாட்டுக்காகன்னா நெனைக்கிறீங்க? யாராவது பேசிட்டிருக்கட்டும்னுதான்" என்றாள். நானும் சொன்னேன். என்னென்னவோ சொன்னேன். ஓய்வு பெற்ற அன்றைக்கு வாசகசாலைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் தெருவை மூன்று சுற்று சுற்றி வந்ததைச் சொன்னேன். எதிர்வீட்டு டெய்லர் மறுநாள் என்னிடம், "என்ன சார், நேத்து வண்டிக்குள்ள ஒரே சிரிப்பு? கேட்டுக் கேட்டு எனக்குத் தையல் கோணிப்போச்சு" என்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில், "சரி, சாவியை ஒரு கட்டம் திருப்பு" என்றேன். பம்பு "ம்ம்ம்" என்று ஓடி நின்றது. கதைக்கு ம் கொட்டுவது போல. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று கத்தினேன்.

அப்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. படுத்தபடியே தலையைத் திருப்பினேன். இரண்டு கால்கள் வந்தன. நீலச் செருப்பு. பக்கத்தில் குடையின் முனை. குனிந்து பார்த்த முகம் உங்கள் அக்காளுடையது. கையில் மருந்துக்கடைப் பை.

"எதுக்கு இப்படிக் கத்திக்கிட்டு?" என்று டயரைப் பார்த்துக் கேட்டாள்.

மாப்பிள்ளை, நான் எப்படி வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியாது. சட்டை கிழிந்திருந்ததை வைத்துப் பார்த்தால் வேகமாக வந்திருக்கிறேன். டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. ரெக்சின் மட்டும் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி மெல்ல மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. சட்டைப் பையைத் தொட்டேன். ஃபியூஸ் அங்கேதான் இருந்தது. பானெட்டைத் தூக்கினேன், பேட்டரி ஒயரில் நான் சுற்றிய கைக்குட்டை அப்படியே இருந்தது. உயிரில்லாத வண்டியில் பம்பு எனக்கு ம் கொட்டியிருக்கிறது. நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அக்காள் ஒரு நிமிடம் பார்த்தாள், பிறகு நிலைப்படியிடம், "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். மறுநாள் திரும்பப் போனேனா என்று கேட்டால், போனேன். உன்னிடம் (இனிமேல் 'நீங்கள்' போடத் தெம்பில்லை, மன்னித்துக்கொள்) மறைத்து என்ன ஆகப்போகிறது? உன் அக்காள் கடைக்குப் போனதும், ஃபில்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நல்ல ஃபில்டரைக் கழற்றினேன். கதவு திறந்து மூடியது. ஸ்பிரிங் அழுந்தியது. "என்னங்க, நேத்து அப்படியே ஓடிட்டீங்க?" என்று கேட்டாள். இவள் அவளில்லை என்று தெரிந்தும் பேசினேன். எவளாக இருந்தால் என்ன, குரல் அவளுடையது, சொல்வதெல்லாம் அவளுடையது. நாலைந்து நாள் இப்படி ஓடியது. கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக் கிளாம்ப்பின் திருகு தேய்ந்து, ஒருநாள் உடைந்தே போயிற்று. உதிரிபாகக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "அண்ணே, இது தினமும் தேய்க்கிற பாத்திரம் இல்ல. ஒரு தடவை மாட்டினா மறந்துடணும்" என்று அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஒரு வேலை செய்தேன். முழங்காலுக்குத் தடவும் தைலம் ஒன்று வாங்கி வந்து சமையலறை மேடையில் வைத்தேன். உன் அக்காள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, முதல் தடவையாக, சுவரை விட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"முழங்கால் வலின்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"நீதான் சொன்ன."

"நான் எப்போ சொன்னேன்? நான் யார்கிட்டயும் சொல்லலையே."

சந்தேகப்படுகிறாள் என்று நினைத்தேன். அது சந்தேகமில்லை, பயம் என்று பிறகுதான் தெரிந்தது. தன் மனதுக்குள் இருப்பதை யாரோ வெளியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்ட பயம். அன்றிலிருந்து அவள் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கிளாம்ப் உடைந்த அன்றைக்குத்தான் எல்லாம் முற்றியது. அதை நான் சொல்வதைவிட அவள் சொன்னபடியே எழுதுகிறேன், அதுதான் நியாயம்.

நான் ஷூ போட்டுக்கொண்டு புதுக் கிளாம்ப் வாங்கக் கடைக்குப் போய்விட்டேன். அவள் குளித்துக்கொண்டிருந்ததால் போனது தெரியாது. வெளியே வந்து பார்த்தால் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. என் பழுப்புச் செருப்பு. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து டயருக்குப் பக்கத்தில் வைத்தாளாம். போகத் திரும்பினபோது அடியிலிருந்து என் குரல், "கொஞ்சம் உக்காந்துட்டுப் போயேன்" என்றதாம்.

"அப்படி நீங்க கேட்டதே இல்லையே, அதனால ஏறி உக்காந்துட்டேன்" என்றாள் உன் அக்காள். "என்ன பேசறதுன்னு தெரியாம, காலையில பால் திரிஞ்சுபோனதைச் சொன்னேன். சொல்லி முடிச்சா, கீழேயிருந்து 'அப்புறம்?'னு கேட்டீங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை ஒரு தடவைகூட நீங்க 'அப்புறம்?'னு கேட்டதில்ல. 'ம்' சொல்லுவீங்க. 'ம்'னா அது அங்கேயே முடிஞ்சிடும். 'அப்புறம்?'னா மேல சொல்லணுமே! அதனால மேல சொன்னேன். மேல மேல சொன்னேன்."

எவ்வளவு நேரம் சொன்னாளோ. நான் புதுக் கிளாம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்து உள்ளே வந்தேன். டிரைவர் சீட்டில் அவள். ஈரத் தலை, சிவந்த முகம், பாதி வாக்கியத்தில் திறந்த வாய். 'அவள்'தான் கடைசியில் நேரில் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளும் என்னைப் பார்த்து வெளுத்தாள்.

"நீங்க எப்போ வெளியே வந்தீங்க?" என்றாள்.

"நான் எப்போ உள்ளே போனேன்?" என்றேன்.

அந்த நேரத்தில், வண்டிக்கு அடியிலிருந்து, என்னுடைய குரலில், நிதானமாக, அன்பாக ஒரு கேள்வி வந்தது:

"அப்புறம்?"

உன் அக்காள் எந்தக் கதவு வழியாக இறங்கினாள், நான் கிளாம்ப்பை எங்கே எறிந்தேன் என்பதெல்லாம் கேட்காதே. வீட்டு வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து நடுவில் சிக்கிக்கொண்டோம். அவள் முழங்காலும் என் வயிறும் ஒத்துழைக்க மறுத்தன. அப்படியே சிக்கிக்கொண்ட நிலையில், "நீங்கதானே?" என்று என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நீதானே?" என்று நானும் தொட்டுப் பார்த்தேன். ஒருவரை ஒருவர் தொட்டும் எத்தனையோ காலம் ஆகியிருந்தது, மாப்பிள்ளை.

தைரியம் வந்த பிறகு கைகோர்த்துக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தோம். அடியில் யாரும் இல்லை. என் பழுப்புச் செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடந்தது. ஃபில்டர் மாட்டியிருந்தது, அம்புக்குறி எஞ்சினைப் பார்த்தது, புத்தம் புதுக் கிளாம்ப் ஒன்று பளபளத்தது. நான் வாங்கி வந்த கிளாம்ப் செடிகளுக்கு நடுவில் கிடந்ததைப் பிறகு தேடி எடுத்தேன். டீ டம்ளர் காலியாக இருந்தது. சர்க்கரை குறைவு என்று நான் எப்போதும் அடியில் கொஞ்சம் மிச்சம் வைப்பேன். அந்த ஆள் சொட்டு விடாமல் குடித்திருக்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலம் பூராவும் பேசினோம். வேறு வழி? நடந்ததை ஒருவருக்கொருவர் சொல்லித்தானே ஆக வேண்டும். ஆனால் அதில் ஒரு சங்கடம் முளைத்தது. "அந்த ஆள் அப்படி என்னதான் கேட்டான்?" என்று நான் கேட்டேன். "நீங்க கேக்காததெல்லாம் கேட்டார்" என்றாள். அவனுக்கு 'ஆர்' விகுதி! "அவ என்ன சொன்னா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். "நீ சொல்லாததெல்லாம் சொன்னா" என்றேன். "சிரிச்சாளா?" என்றாள். "விக்கல் வர வரச் சிரிச்சா" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இந்த வயதில் நான் என் குரலின் மேல் பொறாமைப்படுகிறேன், அவள் அவள் சிரிப்பின் மேல் பொறாமைப்படுகிறாள். இப்படி ஒரு குடும்பத் தகராறை நீ எந்த ஊரிலாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

ஆகவே ஒருமனதாக முடிவு செய்துவிட்டோம். வண்டி இந்த வீட்டில் இருக்கக் கூடாது. அதன் மேல் தார்ப்பாயைப் போர்த்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டேன். பேட்டரியையே இறக்கிவிட்டேன். இந்தக் கடிதம் கண்டதும் கையில் இருக்கிற சுவரை அப்படியே போட்டுவிட்டுப் புறப்பட்டு வந்து உன் வண்டியை எடுத்துப் போ. வந்ததும் நீ ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வண்டியின் பின்பக்கத்தில் நீ இறக்காமல் விட்டுப்போன ஒற்றைக் கதவு ஒன்று கிடக்கிறதே, அதை எந்த வீட்டிலிருந்து கழற்றினாய்? அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? அவர்கள் காலி செய்துகொண்டு போன பிறகுதான் கழற்றினாயா, கேட்டுப் பார்த்தாயா? மெக்கானிக் செலவை மிச்சப்படுத்தப் பார்த்து நீ எனக்குச் செய்த உபகாரத்தை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் எல்லா நலமும் கூடி வரட்டும். இடிக்கிற சுவர் எப்போதும் எதிர்ப்பக்கமாகவே சாயட்டும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் வேளைக்குச் சாப்பிடச் சொல்லி தங்கள் அக்காள் எழுதச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வரவை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்
அத்தான்

பின்குறிப்பு: வர வேண்டாம்.

வீட்டில் உறை இல்லாததால் கடிதம் இரண்டு மூன்று நாள் மேஜையிலேயே கிடந்தது. அதற்குள் நிலைமை மாறிவிட்டது. உன் அக்காளும் நானும் இப்போது பேச்சை நிறுத்துவதே இல்லை. ரேடியோவைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டாள். நேற்று மதியம் பேச்சு சுவாரஸ்யத்தில் சாப்பிடவே மறந்துவிட்டோம். அவள் சிரித்தால் விக்கல் வருகிறது. முழங்கால் வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை என்கிறாள், படிகளில் ஓடுகிறாள். என் கையிலிருந்து பெட்ரோல் வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. அவள் தலைமுடியிலும் அதே வாசனை வருகிறது. எங்களுக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது.

இன்று காலை வண்டியில் ஏதோ சத்தம் கேட்டது. இருவரும் போய்த் தார்ப்பாயில் காதை வைத்துக் கேட்டோம். உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் சிரிப்பும் இல்லை, கதையும் இல்லை. சீட்டிலிருந்து ஒரு பெண் குரல், யாரையும் பார்க்காமல் சொல்கிற மாதிரி, "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்றது. அடியிலிருந்து ஒரு ஆண் குரல், "ம்" என்றது. நெடுநேரம் கழித்து, மறுபடி அந்தப் பெண் குரல், "கேட்டைப் பூட்டியாச்சா?" என்றது. "ம்."

பாவமாக இருந்தது, மாப்பிள்ளை. அந்த மாதிரி ஆட்களை வண்டியோடு ஊர் ஊராக அலைய விடக் கூடாது. இங்கேயே இருக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தோம். அந்தக் கதவு எந்த வீட்டுக் கதவு என்று கேட்டிருந்தேன் அல்லவா, அதற்கும் பதில் எழுத வேண்டாம்.

திரும்பி வரும்போது உன் அக்காள் நடுவழியில் நின்றாள். தார்ப்பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அது ரெண்டும் நம்ம பேச்சாச்சே. அங்க இருக்கறது அவங்கன்னா, இங்க நிக்கற நாம யாருங்க?" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம்?" என்றேன்.